உப்புக் கரித்த ஐஸ்

உறைந்த ஏரியில் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதுவரை நான் பார்த்த ஐஸ் முழுவதும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் அலுமினியத் தட்டுக்குள் அடங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சவூதி அரேபியாவின் தம்மாமில் இருந்தோம். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினீயர். நான் படித்தது ஒரு வில்லாவின் நான்கு அறைகளில் நடந்த சின்னப் பள்ளிக்கூடம். ஆங்கிலப் புத்தகம் இங்கிலாந்திலிருந்து வரும். அதில் ஒரு பையன் குளிர்காலத்தில் குளத்தின் மேல் நடக்கப் போய்ப் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுவான். அவனுடைய நாய் குரைக்கும். பெரியவர்கள் வந்து தூக்குவார்கள். பாடத்தின் கடைசியில் ஆறு விதிகள். சனிக்கிழமை பரீட்சை. மிஸ் நல்லவர், கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: பனிக்கட்டியின் மேல் பாதுகாப்பாக இருப்பதற்கான விதிகளில் ஏதாவது ஐந்து எழுதுக.

ஏதாவது ஐந்து. ஆறில் ஒன்றை விடலாம் என்றால் இருப்பதிலேயே நீளமானதை விடுவதுதானே புத்திசாலித்தனம்? முதல் விதிதான் நீளம், முழுதாக இரண்டு வரி. அதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் உருப்போட்டேன். எவ்வளவு கெட்டி என்று பெரியவர்கள் பார்த்துச் சொல்லாத ஐஸின் மேல் காலே வைக்கக்கூடாது என்பதுதான் அந்த முதல் விதி.

பரீட்சைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. அம்மாவும் நானும் ஊரிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் அவள் பார்த்தது இரண்டு அறை, ஒரு சமையலறை, எதிர்க் கட்டடத்தின் பின்சுவர். கடல் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறது என்று அப்பா முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை மறக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை, சாம்பார் ஊற்றும்போது, "அந்தக் கடல் இன்னும் அங்கதான இருக்கு?" என்று கேட்பாள். கடைசியில் அப்பா தாங்க முடியாமல் டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

டிரைவர் அண்ணன் கம்பெனியின் பிக்கப் ஓட்டுகிறவர். பரமக்குடிப் பக்கத்துக்காரர். இருபத்தெட்டு வயது இருக்கும். நகரத்துக்கு வெளியே கம்பெனியின் காம்ப்பில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தார். என்னைச் 'சின்ன சார்' என்று கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். எனக்கு மரியாதை மட்டும்தான் காதில் விழும்.

அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.

"சார், வெள்ளிக்கிழம வண்டி வெளிய போறதுன்னா மேனேஜர் பேப்பர் வேணும். பேப்பர் இல்லாம புடிச்சாங்கன்னா உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னய ஊருக்கு ஃப்ளைட்டு ஏத்தி விட்டுருவாங்க."

"அட, நான் கூட இருக்கேன்லப்பா. யாரு கேக்கப் போறா?"

"கபீல் கேப்பாரு சார்." கபீல் என்றால் விசா கொடுத்து ஆளை வரவழைத்த அரபு முதலாளி.

"நான் பேசிக்கிறேன். ரெண்டு மணி நேரம்தான். அக்கா கடலப் பாக்கணும்ங்கறாங்க."

டிரைவர் அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே எலுமிச்சைச் சாதத்தைத் தூக்கில் அடைத்து, ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றி, பவானி ஜமுக்காளத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, செருப்புப் போட்டு நின்றாள். அப்படி நிற்கிறவளிடம் எவனால் அரபிக்காரர்கள் மாதிரி 'மாஃபி', இல்லை, என்று சொல்ல முடியும்? சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். நான் பின்னால், சைட்டிலிருந்து இறக்காமல் விட்டிருந்த ஷட்டரிங் பிளைவுட் பலகைகளோடு பலகையாக உட்கார்ந்துகொண்டேன். ஜனவரி மாதம். வடக்குக் காற்று காதை அறுத்தது. அம்மா பின்னிய ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், மடியில் புத்தகப் பை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சத்தியம் செய்ததால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மண் பாதை. அது முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார் டிரைவர் அண்ணன். ஒரு பக்கம் கடல். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாதம் சாப்பிட்டோம். அப்பா ஜமுக்காளத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். டிரைவர் அண்ணன் மட்டும் உட்காரவே இல்லை. வண்டிக்கு மேல் ஏறி நின்று, பாதையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபக்கம் திரும்பினேன். அங்கே ஏரி உறைந்து கிடந்தது.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கலாம். ஆனால் என் கண்ணால் ஒரு நிமிஷம் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சமதளமாக, வெள்ளை வெளேரென்று ஒரு பரப்பு. முந்தின வாரம் பெய்த மழையில் மேலே லேசாக ஈரம் மினுங்கியது. அங்கங்கே விரிசல், விரிசலின் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அச்சு அசலாகப் புத்தகத்துப் படம். காலையில் அம்மா வெந்நீர் வைக்கும்போது அப்பாவே, "தண்ணி ஐஸா இருக்கு" என்று சொல்லியிருந்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இருந்தாலும் நான் விஞ்ஞான மனப்பான்மை கொண்டவன். ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கரையவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜ் ஐஸ் மாதிரி மட்டமான சரக்கு இல்லை என்று முடிவுசெய்தேன். நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. பக்கத்தில் கடல் இருக்கும்போது உறைந்தது கடல் தண்ணீராகத்தானே இருக்க வேண்டும்? அதுவும் சரியாக வந்தது. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கனத்தை அளந்தேன். ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மனிதன் நடக்க நான்கு அங்குலம் வேண்டும் என்பது இரண்டாம் விதி. நான் எடையில் ஒரு மனிதனில் கால் பங்கு. ஆகவே எனக்கு ஓர் அங்குலம் போதும். வகுப்பில் கணக்கில் எப்போதும் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கு அன்றைக்குக் கணக்கு எப்படிக் கூடி வந்தது பாருங்கள்.

நடந்தேன். காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். முப்பது நாற்பது அடி போயிருப்பேன். கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு சறுக்கிப் பார்த்தேன். சறுக்கவில்லை. ரப்பர் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டேன்.

"சின்ன சாரு! அங்ஙனயே நில்லுங்க! அசையாதீங்க! சப்கா! சப்கா!"

சப்கா என்றால் அந்த ஊரில் கடலோரத்து உப்புச் சேறு. மேலே உப்புக் காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், உள்ளே கூழ். லாரியையே விழுங்கும் என்று வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது. டிரைவர் அண்ணன் வண்டியிலிருந்து குதித்து என்னை நோக்கி ஓடி வருவது மட்டும் தெரிந்தது. விழுந்தவனை நோக்கி யாரும் ஓடக்கூடாது என்பது மூன்றாம் விதி. நான் விழவே இல்லை என்றாலும், விதி விதிதான். கையை உயர்த்தி, புத்தகத்து ஆங்கிலத்திலேயே, ஓடாதீர்கள் என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்தார். பாதி தூரத்தில் அவருடைய வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. அதை இழுக்கப் போய் இடது காலை ஊன்றினார். அது தொடைவரை போனது. பிறகு இரண்டும் போயின.

என் கணக்கு எனக்குச் சரியாகத்தான் இருந்தது. அதில் டிரைவர் அண்ணனைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். பாடத்தில் வருவது அப்படியே நடந்தால் எந்தப் பையனுக்குத்தான் சிரிப்பு வராது? குரைக்க ஒரு நாய்தான் இல்லை.

அப்பாவும் அம்மாவும் கரையில் வந்து நின்றபோது டிரைவர் அண்ணன் தொடைவரை சேற்றில் நின்றார். வெள்ளைப் பரப்பு அவரைச் சுற்றி உடைந்து, உள்ளே இருந்து கறுப்பாக, நாற்றமாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை காலை அசைத்தபோதும் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

"அசையாதப்பா!" என்றார் அப்பா. "நான் வண்டியக் கொண்டாறேன். கயிறு கட்டி இழுத்துடலாம்."

"வேணாம் சார்! வண்டிய எறக்காதீங்க! வண்டி உள்ள போச்சுன்னா கலாஸ், நான் ஊருக்குத்தான்!"

"உயிர விட வண்டி பெருசாப்பா? சாவியத் தூக்கிப் போடு!"

"தர மாட்டேன் சார்."

சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதன்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார். அப்பாவிடம் அவர் 'மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இடுப்பு நோக்கிச் சேறு ஏறிக்கொண்டிருக்கிற மனிதர் பிக்கப்பைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு ரொம்ப வேடிக்கையாக இருந்தது.

"மொதல்ல புள்ளைய வரச் சொல்லுங்க" என்றாள் அம்மா. அவளுடைய குரல் எனக்குப் பழக்கமான குரலாக இல்லை.

டிரைவர் அண்ணன் அந்த நிலையிலும் என் பக்கம் தலையைத் திருப்பினார். "சின்ன சாரு, நடந்து வராதீங்க. படுத்து, பல்லி கெணக்கா ஊர்ந்து வாங்க. என் பக்கமா வராம, சுத்திக்கிட்டு வாங்க."

நான்காம் விதி! விரிசல் விட்டால் படுத்துக் கைகால்களை விரிக்க வேண்டும். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. படுத்தேன். ஸ்வெட்டர் முழுவதும் உப்பு அப்பிக்கொள்ள, மூக்கைத் தூக்கிக்கொண்டு, அவரைச் சுற்றி ஊர்ந்து கரைக்கு வந்தேன். அம்மா என் காதைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடினேன். அவள் அடிக்கவில்லை.

"நேத்து ராத்திரி பூரா என்னமோ கத்திக்கிட்டுக் கெடந்தியே, விழுந்தவன எப்படித் தூக்கறதுன்னு. அதச் சொல்லு."

"அது ஐஸும்மா. இது சப்கா."

"எல்லாம் ஒண்ணுதான். சொல்லுடா!"

அம்மா பதினொன்றாவதுவரை தமிழில் படித்தவள். நான் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். புரிந்ததா என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கரையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிஸ்ஸுக்கு முன்னால் நிற்பதுபோல் ஒப்பித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினேன்.

"உதவப் போறவங்களும் நிக்கக் கூடாது. வயித்தால ஊர்ந்து போகணும். ஒரு ஏணிய நீட்டணும்."

"ஏணிக்கு எங்க போறது? அடுத்தது?"

"இல்லன்னா பலகை."

அப்பா வண்டிக்கு ஓடினார். பின்னால் கிடந்த பிளைவுட்டில் நான்கை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அப்புறம்?"

"கெட்டியான துணி. முனையப் பிடிச்சுக்கச் சொல்லி இழுக்கணும்."

அம்மா ஜமுக்காளத்தை உதறினாள். பருப்புத் துணுக்கெல்லாம் பறந்தது.

அப்பா முதல் பலகையைப் போட்டு அதன்மேல் படுக்கப் பார்த்தார். அப்பா அந்தக் காலத்தில் நல்ல ஆகிருதி. பலகையின் முனை உப்பு ஓட்டை உடைத்துக்கொண்டு சாய்ந்தது. கையை ஊன்றினார், அது முழங்கைவரை போனது. அம்மா அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க எழுந்திரிங்க. எடைக்குப் பாத்தா நான்தான் போகணும். நீங்க பின்னாலேருந்து பலகையத் தள்ளுங்க."

"நீயா?"

"பின்ன, அவன் படிக்கறத நீங்க கேக்கவே இல்லையா?"

புடவையைச் செருகிக்கொண்டு அம்மா குப்புறப் படுத்தாள். என் அம்மா குப்புறப் படுத்து நான் பார்த்ததே இல்லை. ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு ஊர்ந்தாள். நான் கரையிலிருந்து, "கைய விரிக்கணும்மா, கைய விரி!" என்று கத்தி அரை மதிப்பெண்ணுக்கும் இடம் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா, நீங்க வராதீங்க" என்றார் டிரைவர் அண்ணன். அவருடைய பல் கிட்டியது. ஜனவரி மாதத்துச் சேறு ஐஸைவிடக் குளிராக இருக்கும் என்று பின்னால் சொன்னார்.

"பேசாம இதப் புடி. நெஞ்ச பலகையில சாய்ச்சுக்க. கால ஒதைக்காத, மெதுவா ஆட்டு. அப்படித்தான்... ஊர்ல யாரு இருக்கா உனக்கு?"

"அம்மாவும் தங்கச்சியும்க்கா."

"தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தை முடிஞ்சு பாக்கணும்க்கா."

சேற்றில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஊர்க்கதை பேசினார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்த விஷயம் இங்கே இழுத்துக்கொண்டே போனது. வெயில் மஞ்சளாகி, கடல் சாம்பல் நிறமாகி, அப்பா ஜமுக்காளத்தின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக இழுத்தார். ஒரு கால் வந்தது. வெகுநேரம் கழித்து அடுத்த கால் வந்தது. ஷூ வரவில்லை. பவானிக்காரர்கள் அந்த ஜமுக்காளத்தை எப்படித்தான் நெய்தார்களோ, ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

கரைக்கு வந்ததும் ஆறாம் விதியை நினைவுபடுத்தினேன்: போர்வையால் சுற்றி, சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். ஃப்ளாஸ்க் மூடியில் அம்மா டீ ஊற்றினாள். அதைக் குடித்துவிட்டு டிரைவர் அண்ணன் செய்த முதல் காரியம், எழுந்து போய்ப் பிக்கப்பைச் சுற்றி வந்து நான்கு டயரையும் பார்த்ததுதான்.

"சார்" என்றார். "ஆபீஸ்ல இது தெரியவேண்டாம் சார்."

"நீ என்னப்பா தப்பு செஞ்ச? பையனக் காப்பாத்தத்தான் ஓடின."

"அத யாரு சார் கேப்பா? வெள்ளிக்கிழம வண்டிக்கு இங்ஙன என்ன வேலைன்னுதான் கேப்பாங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. தெரிஞ்சுதா? ஒருத்தர்கிட்டயும்."

தலையை ஆட்டினேன். திரும்பி வரும்போது என்னை முன்னால் அம்மாவின் மடியில் உட்கார வைத்துக்கொண்டார்கள். டிரைவர் அண்ணன் ஒரு காலில் மட்டும் ஷூவோடு வண்டி ஓட்டினார். அது எனக்கு வீடு வரைக்கும் சிரிப்பாக இருந்தது.

சனிக்கிழமை பரீட்சையில் ஐந்து விதிகளும் எழுதினேன். முழு மதிப்பெண். அதோடு நின்றிருக்கலாம். அடுத்த வாரம் மிஸ், 'என்னால் மறக்க முடியாத நாள்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். மற்றவர்கள் பிறந்த நாளையும் விமானப் பயணத்தையும் எழுதினார்கள். என்னிடம் இருந்த சரக்கைப் பாருங்கள்! யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியது நினைவில் இருந்தது. ஆனால் கட்டுரை என்பது பள்ளிக்கூட வேலை. வீட்டுப்பாடத்தை ரகசியத்தோடு சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

நோட்டில் நாலு பக்கம் எழுதி, அதை நல்ல தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை, அப்பாவின் கம்பெனி வண்டி, டிரைவர், எல்லாம் அதில் இருந்தது. தொடைவரை மூழ்கியவரைக் கழுத்துவரை மூழ்கடித்தேன். காப்பாற்றியவன் நான். அம்மாவுக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன். டீ ஊற்றினாள் என்று. மிஸ் தங்க நட்சத்திரம் ஒட்டி அதை வகுப்புச் சுவரில் மாட்டினார். அவருடைய கணவர் அப்பாவின் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். கெட்டவர் இல்லை. நம் இன்ஜினீயர் பையன் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான் என்று அதை ஆபீஸுக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டினார். காட்டினார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் ஏன் யாரும் என்னைக் கொண்டாடவில்லை என்பதுதான் குறையாக இருந்தது.

அப்பாவுக்கு ஆபீஸில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். டிரைவர் அண்ணனுக்கு அவருடைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள்.

சொல்லிக்கொண்டு போகத்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமை சாயங்காலம். கயிறு கட்டிய ஒரு தகரப் பெட்டி. புது ஷூ. அவருடைய பாஸ்போர்ட்டைக் கம்பெனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், கண்ணில்கூடக் காட்டுவதில்லை என்று அவரே முன்பு என்னிடம் சொல்லியிருந்தார். அதனால் கையில் அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"குடுத்துட்டாங்களா?" என்றேன்.

"குடுத்துட்டாங்க சின்ன சாரு. காலையில ஃப்ளைட்டு."

"லீவா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, லீவுதான்" என்றார் டிரைவர் அண்ணன். பிறகு, "கட்டுரை ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்களாம்ல? ஆபீஸ்ல எல்லாரும் படிச்சாங்களாம்."

இதற்காகத்தானே நான் இத்தனை நாள் காத்திருந்தேன்! "நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்? படிச்சவங்க சொன்னாங்க."

"இருங்க, நான் தமிழ்ல சொல்றேன்."

"டேய், வேண்டாம்" என்றார் அப்பா.

"இருக்கட்டும் சார். கேக்குறேன். என்னப் பத்தித்தான எழுதியிருக்காரு."

உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் நடுக்கூடத்தில் நின்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ். வெள்ளிக்கிழமை, கம்பெனி வண்டி, பேப்பர் இல்லாமல் போனது, எதையும் விடவில்லை. உறைந்த ஏரி வந்த இடத்தில் டிரைவர் அண்ணன் சிரித்தார். ஓடாதீர்கள் என்று நான் கத்திய இடத்தில் இன்னும் நன்றாகச் சிரித்தார். சமையலறையில் அம்மா குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் எதுவும் சத்தம் போடவில்லை. நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

கழுத்துவரை வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கழுத்து வரைக்குமா? தொடை வரைக்கும்தான போனேன்?"

"கழுத்துன்னாத்தான் நல்லா இருக்கும்."

"சரி, கழுத்துன்னே இருக்கட்டும்" என்றார்.

கடைசிவரை கேட்டார். முடிந்ததும் என் தலையில் கையை வைத்து, "நல்லா எழுதுறீங்க, விட்டுறாதீங்க" என்றார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு பொட்டலத்தில் ஒரு பட்டுப்புடவையைச் சுற்றி அவர் கையில் வைத்தாள். தங்கச்சிக்கு, என்றாள். அது அம்மா இரண்டே தடவை கட்டிய புடவை. எனக்குத் திகைப்பாக இருந்தது. லீவு முடிந்து வரும்போது அவர் எனக்கு என்ன கொண்டு வருவார் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியைத் தூக்க டிரைவர் அண்ணன் குனிந்தார். அதற்குள் அப்பா அதைத் தூக்கிவிட்டார். ஆபீஸ் பையைக்கூட டிரைவர்தான் கொண்டு வந்து வைக்க வேண்டும் என்பவர் அப்பா. அவர் அந்தத் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். "குடுங்க சார், குடுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் டிரைவர் அண்ணன் இறங்கினார்.

நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிமிராமல் நின்றார். லீவுக்குப் போகிறவர்களின் பெட்டியில் சாமான் நிறைய இருக்கும், அதுதான் அவ்வளவு கனம் என்று நினைத்துக்கொண்டேன்.